ஏரியும் விசையும்

நுழையும்முன்

வடகிழக்குப் பருவமழை பெய்வது சில வாரங்களே. நெற்பயிர் நீர் கேட்பதோ பல மாதங்கள். இந்த இடைவெளியை நிரப்பத் தமிழர் கண்ட வழி ஏரி. மண்ணால் ஆன கரை, மலையளவு நீரை எவ்வாறு தாங்குகிறது? தாங்கிய கரை சில வேளைகளில் ஏன் உடைகிறது? இவ்வினாக்களுக்கான விடைகள் விசை, இயக்கம், ஈர்ப்பு ஆகியவற்றின் விதிகளில் உள்ளன. அவ்விதிகளை ஓர் ஏரிக்கரையில் நின்று கற்பதே இப்பாடம்.

சரிந்த நிலமும் தேங்கிய நீரும்

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையின் ஓரத்தில் அமைந்துள்ள ஊர் தாமல். சாலையில் செல்வோர் கண்ணில் முதலில் படுவது அவ்வூரின் பெரிய ஏரியே. மழைக்காலத்தில் அது கடல்போல் விரிந்திருக்கும். கோடையில் அதன் உள்வாயில் ஆடுமாடுகள் மேயும். பழைய செங்கல்பட்டு மாவட்டம் ‘ஏரிகளின் மாவட்டம்’ என்றே வழங்கப்பெற்றது. அதன் ஒரு பகுதியாகிய இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் தாமல், தென்னேரி, உத்திரமேரூர், செம்பரம்பாக்கம் எனப் புகழ்பெற்ற ஏரிகள் பல உள்ளன.

இந்நிலப்பகுதி கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரிந்து செல்கிறது. கண்ணுக்குத் தெரியாத அச்சரிவே ஏரிகள் அமையக் காரணம். சரிவின் தாழ்ந்த பக்கத்தில் மட்டும் வளைவாகக் கரை எழுப்பினால், மேட்டுப்பக்கத்தில் நிலமே கரையாக அமைந்துவிடும். மேலிருந்து வரும் நீர் கரையில் தடுக்கப்பட்டுத் தேங்கும். ஓர் ஏரி நிரம்பி வழியும் நீர் அதற்குக் கீழே உள்ள அடுத்த ஏரிக்குச் செல்லும். இவ்வாறு அமைந்த ஏரித் தொடர்களில், நீரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்ல எந்திரம் எதுவும் தேவைப்படுவதில்லை. புவியின் ஈர்ப்பு ஒன்றே அவ்வேலை முழுவதையும் செய்கிறது.

ஓடும் நீரும் நியூட்டனின் விதிகளும்

1687ஆம் ஆண்டு ஐசக் நியூட்டன் வெளியிட்ட ‘இயற்கைத் தத்துவத்தின் கணிதக் கோட்பாடுகள்’ என்னும் நூல், இயக்கத்தின் மூன்று விதிகளையும் ஈர்ப்பு விதியையும் உலகிற்கு அளித்தது. புறவிசை செயல்படாதவரை, ஓய்வில் உள்ள பொருள் ஓய்விலும், இயங்கும் பொருள் சீரான வேகத்தில் நேர்கோட்டிலும் தொடரும் என்பது முதல் விதி. ஒரு பொருளின் உந்தம் மாறும் வீதம் அதன்மீது செயல்படும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது இரண்டாம் விதி. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்பது மூன்றாம் விதி.

ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாயில் இவ்விதிகளைப் பொருத்திப் பார்க்கலாம். கால்வாயின் தரை 1000 மீட்டர் நீளத்திற்கு 1 மீட்டர் தாழ்கிறது எனக் கொள்வோம். தடை எதுவும் இல்லையெனில், அந்த 1 மீட்டர் இறக்கத்தில் நீர் பெறும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர். அடுத்த 1000 மீட்டரில் அது மேலும் பெருகும். இவ்வாறு பெருகிக்கொண்டே சென்றால் எந்தக் கால்வாயின் கரையும் நிலைக்காது. உண்மையில் இத்தகைய கால்வாய்களில் நீர் நடைவேகத்தில்தான் செல்கிறது.

காரணம் உராய்வு. கால்வாயின் தரையும் பக்கங்களும் புல்லும் கல்லும் நீரின் ஓட்டத்தை எதிர்க்கின்றன. வேகம் கூடக்கூட இந்த எதிர்ப்பும் கூடுகிறது. ஈர்ப்பு விசை சரிவின் திசையில் நீரை இழுக்கும் அளவும், உராய்வு அதைத் தடுக்கும் அளவும் சமமாகும் நிலையில், நீரின்மீது செயல்படும் மொத்த விசை சுழியாகிறது. அப்போது நீர் மாறாத வேகத்தில் செல்கிறது. விசைகள் சமநிலையில் இருந்தால் இயக்கம் நின்றுவிடும் என்று கருதுவது பலரும் செய்யும் பிழை. சமநிலையில் நிற்பது வேகத்தின் மாற்றமே, வேகம் அன்று. சீராக ஓடும் வாய்க்கால் முதல் விதிக்குக் கண்முன் நிற்கும் சான்று.

கரையின்மீது நீரின் அழுத்தம்

ஏரியை வந்தடைந்த நீர் ஓட்டத்தை நிறுத்துகிறது; ஆனால், அதன் எடை நிற்பதில்லை. ஒரு கன மீட்டர் நீரின் நிறை 1000 கிலோகிராம், அதாவது ஒரு டன். நீர்மட்டத்திலிருந்து 1 மீட்டர் ஆழத்தில், ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது ஒரு டன் எடைக்கு நிகரான விசை செயல்படும். 2 மீட்டர் ஆழத்தில் அது இரண்டு டன். 4 மீட்டர் ஆழத்தில் நான்கு டன். திரவம் எல்லாத் திசைகளிலும் அழுத்துவதால், இவ்விசை தரையை மட்டுமன்றிக் கரையையும் பக்கவாட்டில் தள்ளுகிறது.

இங்கு மனத்திற்கு எளிதில் பிடிபடாத ஓர் உண்மை உள்ளது. நீரின் அழுத்தம் ஆழத்தை மட்டுமே பொறுத்தது. ஏரியின் பரப்பைப் பொறுத்ததன்று. கரையிலிருந்து எதிர்ப்புறம் ஐந்து கிலோமீட்டர் விரிந்திருக்கும் ஏரியானாலும், ஐம்பது மீட்டர் அகலமே உள்ள குளமானாலும், ஆழம் ஒன்றாக இருந்தால் கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளமும் தாங்க வேண்டிய அழுத்தம் ஒன்றே. பெரிய ஏரி என்பதாலேயே கரை வலுவிழப்பதில்லை. ஆழமே அதைச் சோதிக்கிறது.

அந்தச் சோதனை எவ்வளவு விரைவாகக் கடுமையாகிறது என்பதையும் அறிய வேண்டும். நீர்மட்டத்தில் அழுத்தம் சுழி, அடியில் மிகுதி. ஆழம் கூடும்போது அழுத்தமும் கூடுகிறது, அது செயல்படும் பரப்பும் கூடுகிறது. ஆதலால் மொத்த விசை ஆழத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. கரையின் ஒரு மீட்டர் நீளத்தின்மீது செயல்படும் பக்கவாட்டு விசை பின்வருமாறு அமையும்:

நீரின் ஆழம் 1 மீட்டர் – அரை டன் எடைக்கு நிகர்
நீரின் ஆழம் 2 மீட்டர் – 2 டன்
நீரின் ஆழம் 3 மீட்டர் – 4.5 டன்
நீரின் ஆழம் 4 மீட்டர் – 8 டன்

ஆழம் நான்கு மடங்கானால் விசை பதினாறு மடங்காகிறது. இவ்விசையின் பெரும்பகுதி கரையின் கீழ்ப்பாதியில் செயல்படுகிறது. எனவேதான் ஏரிக்கரை மேலே குறுகியும் கீழே அகன்றும் அமைக்கப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

திரவத்தின் அழுத்தம் கொள்கலனின் வடிவத்தையோ அகலத்தையோ பொறுத்ததன்று, ஆழத்தையே பொறுத்தது என்பதை 1586ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் விளக்கியவர் சைமன் ஸ்டெவின். நெதர்லாந்து நாட்டில் நீர்க்கட்டுமானப் பணிகளில் ஈடுபட்ட பொறியாளர் அவர். கடலைத் தடுக்கக் கரை கட்டிய நாட்டில் இவ்வுண்மை நூலாக வெளிவந்தது பொருத்தமே.

நிற்கும் நீரும் ஓடும் நீரும்

8 டன் விசையை மண்கரை தாங்குமா? ஒரு கணக்கு இதற்கு விடை தரும். 5 மீட்டர் உயரமும் மேலே 3 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு கரை, இருபுறமும் 1 மீட்டர் உயரத்திற்கு 2 மீட்டர் வீதம் சரிந்திருக்கிறது எனக் கொள்வோம். அதன் அடி அகலம் 23 மீட்டர். குறுக்குவெட்டுப் பரப்பு 65 சதுர மீட்டர். ஒரு கன மீட்டர் மண்ணின் நிறை 1.8 டன் எனக் கொண்டால், கரையின் ஒரு மீட்டர் நீளம் 117 டன் நிறை உடையது. 4 மீட்டர் ஆழ நீர் அதைத் தள்ளும் விசையைப்போல் இது பதினான்கு மடங்கிற்கும் மேல். நீரில் நனைந்த பகுதியின் எடை மிதப்பு விசையால் குறைவதாகக் கொண்டாலும், அடித்தரையோடு கரைக்குள்ள உராய்வு அதை நகரவிடாது. நீர் கரையைத் தள்ள, கரையும் அதே விசையுடன் நீரைத் திருப்பித் தள்ளுகிறது. மூன்றாம் விதி இங்கு ஓசையின்றி, ஆண்டுக்கணக்கில் செயல்படுகிறது.

எனில், ஏரிக்கரைகள் உடைவது ஏன்? 2015ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்த பெருமழையின்போது காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரிகள் பல நிரம்பி வழிந்தன. சில ஏரிகளின் கரைகள் உடைந்தன. நீரின் தள்ளுவிசை தாங்காமல் கரை பெயர்ந்து விழுவதே உடைப்பு எனப் பொதுவாக எண்ணப்படுகிறது. ஆனால், நன்கு அமைந்த மண்கரையை அழிப்பது பெரும்பாலும் நிற்கும் நீரின் தள்ளுவிசை அன்று. ஓடும் நீரின் வேகம்.

ஏரியில் தேங்கிய நீர் தன் உயரத்தால் நிலை ஆற்றலைப் பெற்றிருக்கிறது. அது கீழே இறங்கும்போது அந்த ஆற்றல் இயக்க ஆற்றலாக மாறுகிறது. கரையின் உச்சியைத் தாண்டி வழியும் நீர், வெளிச்சரிவில் 5 மீட்டர் இறங்குவதற்குள், தடையில்லாவிடில் நொடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் வேகம் பெறும். உராய்வு இதைக் குறைத்தாலும், எஞ்சும் வேகமே மண்ணை அரிக்கப் போதுமானது. நீரின் வேகம் இருமடங்கானால், அது எதிர்ப்படும் பொருளின்மீது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். முதலில் ஒரு விரற்கடை அளவு பள்ளம் தோன்றும். பள்ளத்தில் ஆழம் மிகுதி, ஆகவே அதன்வழிச் செல்லும் நீரும் மிகுதி, வேகமும் மிகுதி. அவ்வேகம் பள்ளத்தை மேலும் ஆழமாக்கும். தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் இந்நிகழ்வு தொடங்கிவிட்டால், சிறிது நேரத்தில் பெரும் உடைப்பாக முடியும்.

கரையின் உள்ளே செல்லும் நீரும் இவ்வாறே. மண்ணின் நுண்ணிடைவெளிகள் வழியே நீர் எப்போதும் சிறிது கசிந்துகொண்டுதான் இருக்கும். கரையின் அடி அகலமாக இருந்தால் கசிவுநீர் கடக்க வேண்டிய தொலைவு மிகுதி, உராய்வும் மிகுதி, ஆதலால் அதன் வேகம் மிகக் குறைவு. எலி வளையோ, நண்டு வளையோ, பட்டுப்போன மரத்தின் வேர் விட்டுச்சென்ற துளையோ இடையில் இருந்தால், நீருக்கு உராய்வு குறைந்த குறுக்குவழி கிடைத்துவிடுகிறது. வேகம் பெற்ற நீர் மண்துகள்களைச் சுமந்து வெளியேறத் தொடங்கும். கரையின் வெளிப்புறத்தில் கசியும் நீர் தெளிவாக இருந்தால் உடனடி அச்சம் பெரிதில்லை. அது கலங்கலாக வந்தால் கரையின் மண் உள்ளிருந்து வெளியேறுகிறது என்பது பொருள். ஓர் ஊரைக் காக்கத்தக்க இந்த வேறுபாட்டைக் காணக் கண் ஒன்றே போதும், கருவி தேவையில்லை.

நிற்கும் நீரைத் தாங்கும் மண், விரையும் நீரைத் தாங்காது. ஏரியின் அமைப்பு முழுவதும் இந்த ஓர் உண்மையின்மீதே எழுப்பப்பட்டுள்ளது. நீர் வேகம் கொள்ள வேண்டிய இடங்களில் எல்லாம் மண்ணுக்குப் பதிலாகக் கல் வைக்கப்பட்டது. அலைகள் மோதும் உட்சரிவில் அலைகற்கள் பதிக்கப்பட்டன. நீர் வெளியேறும் இரு வாயில்களான மதகும் கலிங்கலும் கல்லாலும் காரையாலும் கட்டப்பட்டன.

மதகு: அளந்து விடும் வாயில்

பாசனத்திற்கு நீர் விடும் வாயில் மதகு. அதன் துளை கரையின் அடிப்பகுதியில் இருக்கும். அத்துளையிலிருந்து வெளிவரும் நீரின் வேகத்தை 1644ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் விளக்கியவர் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி. கலீலியோவின் இறுதி மாதங்களில் அவருக்கு உதவியாளராக இருந்தவர் இவர். நீர்மட்டத்திலிருந்து துளை எவ்வளவு ஆழத்தில் உள்ளதோ, அவ்வளவு உயரத்திலிருந்து தடையின்றி விழும் ஒரு கல் பெறும் வேகத்தையே வெளிவரும் நீரும் பெறும் என்பது அவர் கண்ட உண்மை. கல்லானாலும் நீரானாலும் ஈர்ப்பு செய்யும் வேலை ஒன்றே. எனவே, கிடைக்கும் வேகமும் ஒன்றே.

துளைக்கு மேல் 4 மீட்டர் நீர் நின்றால் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 8.9 மீட்டர், 1 மீட்டர் நீர் நின்றால் 4.4 மீட்டர். ஆழம் நான்கில் ஒன்றாகக் குறைந்தாலும் வேகம் பாதியாகவே குறைகிறது. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளிவரும் நீர்த்தாரை சற்றுச் சுருங்குவதையும் கணக்கில் கொண்டால், முதல் நிலையில் நொடிக்கு ஏறத்தாழ 165 லிட்டரும் இரண்டாம் நிலையில் ஏறத்தாழ 83 லிட்டரும் வெளியேறும்.

இவ்வேறுபாடு வயலில் வாழ்வாகவும் வழக்காகவும் மாறுகிறது. ஏரி நிறைந்திருக்கும் நாளில் ஒரு மணி நேரம் பாய்ந்த வயலுக்கு, ஏரி குறைந்த நாளில் அதே அளவு நீர் கிடைக்க இரண்டு மணி நேரம் பாய வேண்டும். மணிக்கணக்கை மாற்றாமல் முறை வைத்தால், இறுதியில் நீர் பெறும் கடைமடை உழவர் பாதி நீரையே பெறுவார். ஊரின் நீர்ப்பங்கீட்டைக் கவனித்த நீர்க்கட்டி, ஏரியின் மட்டத்தைப் பார்த்து மதகின் திறப்பையும் முறையின் நேரத்தையும் மாற்றியமைத்தார். வர்க்கமூலக் கணக்கை அவர் எழுதியதில்லை. எனினும், நியாயமான பங்கீடு அக்கணக்கின் வழியே நடந்தது.

வெளிவரும் நீருக்கு உந்தமும் உண்டு. நொடிக்கு 165 லிட்டர் நீர் 8.9 மீட்டர் வேகத்தில் ஒரு தடையின்மீது மோதி நின்றால், அத்தடை ஏறத்தாழ 150 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையை இடைவிடாமல் ஏற்க வேண்டும். இரண்டாம் விதி தரும் கணக்கு இது. மதகின் வெளிப்புறத்தில் கற்றளமும் கல்தொட்டியும் அமைத்தது இவ்விசையைத் தணித்து, நீரை அமைதியாக வாய்க்காலில் விடுவதற்கே.

தமிழக ஏரிகளில் அமைந்த குமிழித்தூம்பு நுட்பமான மற்றொரு அமைப்பு. ஏரியின் உட்பகுதியில் தரைமட்டத்தில் கல்தொட்டி அமைத்து, அதனைக் கரைக்கு அடியில் செல்லும் சுருங்கையோடு இணைத்தனர். தொட்டியின் மேற்புறத் துளையாகிய நீரோடித்துளை வழியே தெளிந்த நீரும், கீழ்ப்புறத்துச் சேறோடித்துளைகள் வழியே வண்டல் கலந்த நீரும் வெளியேறின. வேகம் குன்றிய நீர் வண்டலைக் கீழே விடும். வேகம் கொண்ட நீர் அதைச் சுமந்து செல்லும். கரையை அழிக்கவல்ல வேகமே இங்கு ஏரியைத் தூய்மை செய்யும் பணியில் ஈடுபடுத்தப்பட்டது.

கலிங்கல்: ஏரியின் உயிர்நிலை

ஏரி தாங்கக்கூடிய அளவிற்கு மேல் வரும் நீரை வெளியேற்றும் கற்கட்டு கலிங்கல். அதன் உச்சி, கரையின் உச்சியைவிடத் தாழ்ந்திருக்கும். நீர் கரையைத் தாண்டுவதற்கு முன்பே கலிங்கலைத் தாண்டி வெளியேறிவிடும். வேகம் கொள்ளும் நீரைக் கல்லின்மீது கொள்ளச் செய்வதே அதன் பணி.

கலிங்கலின்மீது வழியும் நீரின் உயரம் கூடினால் இரண்டு மாற்றங்கள் ஒருசேர நிகழும். நீர் செல்லும் பரப்பு அவ்வுயரத்திற்கு ஏற்பக் கூடும். வேகம் அவ்வுயரத்தின் வர்க்கமூலத்திற்கு ஏற்பக் கூடும். ஆகவே, வழியும் உயரம் 25 சென்டிமீட்டரிலிருந்து 1 மீட்டராக, அதாவது நான்கு மடங்காக உயர்ந்தால், பரப்பு நான்கு மடங்கும் வேகம் இரண்டு மடங்கும் ஆகி, வெளியேறும் நீர் எட்டு மடங்காகும். வெள்ளம் பெருகப் பெருகக் கலிங்கல் தன் ஆற்றலையும் பெருக்கிக்கொள்கிறது. யாரும் திறக்க வேண்டாத, நள்ளிரவு மழையிலும் தவறாமல் இயங்கும் காவல் அது.

ஆயினும் அதன் நீளம் குறையக்கூடாது. கலிங்கலின் பாதி நீளம் மண்ணாலோ முட்செடியாலோ ஆக்கிரமிப்பாலோ அடைபட்டுவிட்டது எனக் கொள்வோம். முன்பு 50 சென்டிமீட்டர் உயரத்தில் வழிந்து சென்ற அதே வெள்ளம் வெளியேற, இப்போது ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் உயரம் தேவைப்படும். அதிகப்படியான 30 சென்டிமீட்டரும் கரைக்கென விடப்பட்ட பாதுகாப்பு உயரத்திலிருந்தே எடுக்கப்படுகிறது.

இங்கேதான் ஏரியைச் சார்ந்த ஊர்களின் பழமையான வழக்கு ஒன்று எழுகிறது. கலிங்கலின்மீது மணல்மூட்டைகளை அடுக்கி ஓரடி நீரைக் கூடுதலாகத் தேக்கினால் என்ன என்று ஆயக்கட்டு உழவர் கேட்பர். அவர்தம் கேள்வியில் நியாயம் உண்டு. 100 எக்டேர் நீர்ப்பரப்புள்ள ஏரியில் 30 சென்டிமீட்டர் நீர் உயர்ந்தால், கூடுதலாகச் சேரும் நீர் 3 இலட்சம் கன மீட்டர். ஓர் எக்டேர் நெல்லுக்கு ஏறத்தாழ 12,000 கன மீட்டர் நீர் தேவை எனக் கொண்டால், இழப்புகளை நீக்காத கணக்கில் 25 எக்டேர் நிலம் கூடுதலாக விளையும். அது பல குடும்பங்களின் ஓராண்டு உணவு.

மறுபுறம், அதே ஓரடி நீர் 4 மீட்டர் ஆழமுள்ள ஏரியின் கரைமீது செயல்படும் விசையை 8 டன்னிலிருந்து ஏறத்தாழ 9.2 டன்னாக உயர்த்துகிறது. இதைக் கரை தாங்கிவிடும். ஆனால், 1 மீட்டராக இருந்த பாதுகாப்பு உயரம் 70 சென்டிமீட்டராகக் குறைகிறது. அடுத்த பெருமழை வரும்போது நீர் கரையின் உச்சியைத் தொட எஞ்சியிருப்பது அவ்வளவே. கரை உடைந்தால் இழப்பு அந்த ஊரோடு நிற்பதில்லை. ஏரித் தொடரில் மேல் ஏரி உடையும்போது அதன் வெள்ளம் முழுவதும் கீழ் ஏரியின்மீது விழும், அதுவும் உடையக்கூடும். கூடுதல் நீரின் பயன் மேலூருக்கும், அதன் இடர் கீழூருக்கும் சேர்வது அறமாகாது.

இவ்வழக்கிற்கு முன்னோர் கண்ட தீர்வு காலத்தைச் சார்ந்தது. பல ஏரிகளில் கலிங்கலின் உச்சியில் வரிசையாகக் கற்களை நட்டனர். பருவமழை ஓய்ந்து, பெருவெள்ள அச்சம் நீங்கிய பின்னரே அக்கற்களுக்கிடையே மண்ணும் புல்லும் அடைத்துக் கடைசி மழைநீரைக் கூடுதலாகத் தேக்கினர். மழைக்காலம் தொடங்குமுன் அவ்வடைப்பை நீக்கினர். உழவரின் தேவையும் கரையின் பாதுகாப்பும் ஒன்றையொன்று அழிக்காமல் நிறைவேற இம்முறை வழிசெய்தது.

காக்கும் கடமை

காஞ்சிபுரத்திற்குத் தெற்கே உள்ள உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. இவை முறையே கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையில் ஊர்ச்சபையின் வாரியங்களைத் தேர்ந்தெடுத்த வரலாற்றை இவை விரிவாகக் கூறுகின்றன. அவ்வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று. உத்திரமேரூரின் ஏரி, பல்லவர் காலப் பெயரால் வயிரமேகத் தடாகம் என வழங்கப்பெற்றது. ஏரி வெட்டுவதோடு கடமை முடிவதில்லை. அதை ஆண்டுதோறும் காக்கப் பொறுப்பான மனிதர் வேண்டும் என்னும் தெளிவு அக்காலச் சமூகத்திற்கு இருந்தது.

அக்காலத்தவர் நியூட்டனின் விதிகளை முன்பே அறிந்திருந்தனர் எனக் கூறுவது வரலாற்றிற்குப் பொருந்தாது. அவர்கள் அறிந்தது, பல தலைமுறைகள் கரையில் நின்று கண்ட பட்டறிவு. உடைந்த கரையிலிருந்து அடுத்த கரையை வலுவாகக் கட்டக் கற்றனர். அறிவியல் விதி அப்பட்டறிவுடன் புதிய ஓர் ஆற்றலைச் சேர்க்கிறது: கரை உடைவதற்கு முன்பே, எவ்வளவு நீர் வந்தால் எவ்வளவு உயரம் வழியும் எனக் கணக்கிட்டுச் சொல்லும் ஆற்றல் அது. பட்டறிவை ஒதுக்கிய கணக்கும், கணக்கை ஒதுக்கிய பழம்பெருமையும் ஏரியைக் காக்கப் போதுமானவை அல்ல.

இன்று கரையில் நண்டு வளைகளைத் தேடி அடைப்பவர் குறைந்துவிட்டனர். உபரிநீர்க் கால்வாய்கள் பல இடங்களில் குறுகிவிட்டன. ஈர்ப்பு விசையோ மாறவில்லை. ஒவ்வோர் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அது நீரை அதே விதிப்படி தாழ்வை நோக்கி இழுக்கிறது. தாமல் போன்ற ஊரில் வளரும் மாணவர் ஒருவர் கலிங்கலின் முன் நின்று, அது அடைபட்டிருந்தால் நீர் எங்கே உயரும், எந்த இடத்தில் வேகம் கொள்ளும், எந்தத் தெரு முதலில் நனையும் என்று சொல்ல முடிந்தால், அவர் விசையியலைக் கற்றுவிட்டார் எனலாம்.

அருஞ்சொற்பொருள்

ஆயக்கட்டு – ஏரியால் பாசனம் பெறும் நிலப்பகுதி
உள்வாய் – ஏரியின் நீர்ப்பிடிப்பான உட்பகுதி
அலைகல் – அலையின் அரிப்பைத் தடுக்கக் கரையின் உட்சரிவில் பதிக்கும் கல்
சுருங்கை – நிலத்தின் அடியில் செல்லும் நீர்வழி
கடைமடை – வாய்க்காலின் இறுதியில் நீர் பெறும் வயல்
உந்தம் – பொருளின் நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கக் கிடைப்பது

கற்பவை கற்றபின்...

1. நெகிழிப் புட்டி ஒன்றில் மேல், நடு, கீழ் என மூன்று துளைகள் இட்டு நீர் நிரப்புக. புட்டியை உயரமான மேசையின் விளிம்பில் வைத்து எந்தத் துளையின் நீர் தொலைவில் விழுகிறது எனக் காண்க. பின்னர் அதனைத் தரையில் வைத்து நீர்மட்டம் மாறாதவாறு நீர் ஊற்றிக்கொண்டே காண்க. வேகமும் விழும் நேரமும் சேர்ந்து தொலைவை முடிவு செய்வதால் தரையில் நடுத்துளையின் நீரே தொலைவில் விழும். இதன் காரணத்தை வகுப்பில் விளக்குக.

2. உங்கள் ஊர் ஏரியின் கலிங்கல், மதகு, உபரிநீர்க் கால்வாய் ஆகியவற்றைப் பெரியவர்களின் துணையோடு கரையிலிருந்து பார்வையிட்டு, அவற்றின் இன்றைய நிலையைப் படத்துடன் பதிவு செய்க.

மதிப்பீடு

குறுவினா
1. ஏரிக்கரை மேலே குறுகியும் கீழே அகன்றும் அமைவது ஏன்?
2. கசிவுநீர் கலங்கலாக வருவது எதைக் குறிக்கிறது?

சிறுவினா
1. பெரிய ஏரிக்கும் சிறிய குளத்திற்கும் நீரின் ஆழம் ஒன்றாயின் கரை தாங்கும் அழுத்தம் ஒன்றே என்பதை விளக்குக.
2. ஏரியின் நீர்மட்டம் குறையும்போது நீர்ப்பங்கீட்டு நேரத்தை மாற்ற வேண்டியதன் தேவையை எழுதுக.

நெடுவினா
1. ‘நிற்கும் நீரைத் தாங்கும் மண், விரையும் நீரைத் தாங்காது’ – மதகு, கலிங்கல் ஆகியவற்றின் அமைப்பைக் கொண்டு இக்கூற்றை நிறுவுக.
2. கலிங்கலின்மீது ஓரடி நீரைக் கூடுதலாகத் தேக்குவது குறித்து ஆயக்கட்டு உழவர் ஒருவரும் கீழூர் உழவர் ஒருவரும் ஊர்க்கூட்டத்தில் உரையாடுவதாகக் கற்பனை செய்து, இருவரின் நியாயங்களையும் கணக்குகளுடன் எழுதுக.